ஈரம் போனதும் எஃப்மிசோ வந்தது

புற்றுக்கட்டியில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளைப் பெட் ஸ்கேனில் காட்டும் எஃப்மிசோ என்ற கதிரியக்க மருந்தைத் தயாரிப்பது என் வேலை. தொடர்ந்து மூன்று முறை விளைச்சல் சரிந்தது. அதில் கதிர்வீசும் ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம்தான். நோயாளியைக் காக்க வைத்துவிட்டு நிதானமாக யோசிக்க முடியாது.

முதலில் மூலப்பொருளைச் சந்தேகித்தேன். புதிய குப்பி மாற்றியும் பயனில்லை. பிறகு கதிரியக்கம் இல்லாமல் வெறும் ஓட்டம் விட்டு, வினைக்கலனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலர்த்தல் முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் கலனின் கழுத்தோரம் பொடிப்பொடியாக நீர்த்துளிகள்! நீர் சூழ்ந்த ஃபுளோரைடு (ஃபுளோரின்-18இன் அயனி வடிவம்) எளிதில் வினைபுரியாது. ஈரத்தை விரட்டும் நைட்ரஜன் குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்து வாயு கசிந்திருக்கிறது. வளையத்தை மாற்றினேன். நீரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆவியாகும் கரைப்பானான நீரற்ற அசிட்டோநைட்ரைல் சேர்த்து உலர்த்துவதையும் ஒரு முறை கூட்டினேன். அடுத்த தயாரிப்பிலேயே விளைச்சல் பழைய நிலைக்குத் திரும்பியது. தரச் சோதனை முடிந்து மருந்து ஸ்கேன் அறைக்குப் போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.