கார்பன் பிடிப்புப் பொருளைச் சோதிக்கும் முறை

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நுண்துளைப் பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து உருவாகி வருகின்றன. அவற்றுள் உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து உருவாக்கும் உலோக-கரிமக் கட்டமைப்புகளை (மாஃப்) வளர்த்தெடுத்த சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகியோர் 2025-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆனால் புதிய பொருளைப் பற்றிய அறிவிப்பில் முதலில் கண்ணில் படும் கொள்திறன் எண், அதாவது ஒரு கிராம் பொருள் பிடிக்கும் வாயுவின் அளவு, பெரும்பாலும் உலர்ந்த, தூய வாயுவில் 1 பார் (ஏறத்தாழ வளிமண்டல) அழுத்தத்தில் அளந்ததாகவே இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதலில், பொருள் எந்த வாயுவில் வேலை செய்யப்போகிறது என்பதைத் தீர்மானியுங்கள். நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். வெளிக்காற்றிலோ பத்து லட்சத்தில் சுமார் 420 பங்குதான். ஆகவே முன்னதற்கு 0.15 பார், பின்னதற்கு 0.0004 பார் அளவிலான பகுதி அழுத்தத்தில்தான் (கலவையில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் தரும் அழுத்தம்) பரப்புக் கவர்தலை, அதாவது துளைச் சுவர்களில் வாயு ஒட்டிக்கொள்ளும் அளவை, அளக்க வேண்டும். ஒன்றில் சிறந்து நிற்கும் பொருள் மற்றொன்றில் அநேகமாகப் பயனற்றுப் போவதுண்டு.

அளவிடும் முன், துளைகளில் தங்கியுள்ள கரைப்பானையும் நீரையும் வெற்றிடத்தில் சூடாக்கி, எடை மாறாத நிலை வரும்வரை நீக்குங்கள். எடைமாற்றக் கருவியைப் பயன்படுத்தினால், மாதிரி இல்லாத வெற்றுக் கிண்ணத்தைக் கொண்டு அதே வாயு, அதே வெப்பநிலையில் ஓர் ஓட்டம் எடுத்து, மிதப்பு விசையால் தோன்றும் பொய்யான எடையைக் கழித்துவிடுங்கள். மிகச் சிறிய கொள்திறன்களில் இந்தப் பிழையே முடிவாக அமைந்துவிடக்கூடும். ஒரு கிராமுக்கு 1 மில்லிமோல் என்றால் 44 மில்லிகிராம் என்பதை மனத்தில் வைத்தால் எண்களை விரைவாகச் சரிபார்க்கலாம்.

அடுத்தது ஈரப்பதம், பல பொருள்கள் தோற்பது இங்கேதான். நுண்துளைப் பொருளான 13எக்ஸ் சியோலைட் உலர் வாயுவில் நன்றாகப் பிடித்தாலும், நீராவி வந்தவுடன் நீரையே முதலில் பற்றிக்கொள்ளும். மெக்னீசியம் கொண்ட உலோக-கரிமக் கட்டமைப்பான மாஃப்-74-உம் ஈரத்தில் திறனை இழக்கிறது. ஈரமான வாயுவில் எடை கூடியதை மட்டும் பார்த்தால், கூடியது நீரா, கார்பன் டை ஆக்சைடா என்று சொல்ல முடியாது. எனவே பொருளை ஒரு குழாயில் நிரப்பி, ஈரமான வாயுக் கலவையைச் செலுத்தி, வெளியேறும் வாயுவில் இரண்டையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள்.

இறுதியாக, பிடித்ததை விடுவிக்கும் நிலையில் எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்த்து, இரண்டுக்குமான வேறுபாட்டையே பயன்படு கொள்திறனாகக் கணக்கிடுங்கள். மிக இறுக்கமாகப் பிடிக்கும் பொருள் மேலான பொருள் அன்று. விடுவிக்க அதற்குக் கூடுதல் வெப்பம் தேவைப்படும். அமீன் (நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மம்) ஏற்றிய பொருள்களைச் சூடான காற்றில் மீட்டெடுக்கக் கூடாது, ஏனெனில் ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும். சூடான உலர் கார்பன் டை ஆக்சைடிலும் யூரியா இணைப்புகள் உருவாகிக் கொள்திறன் குறையலாம், நீராவி அதை மட்டுப்படுத்தும். இந்தச் சுழற்சியைப் பத்து முறையோடு நிறுத்தாமல் நூற்றுக்கணக்கில் ஓட்டி, முதல் சுழற்சியின் மதிப்பையும் கடைசிச் சுழற்சியின் மதிப்பையும் ஒரே அட்டவணையில் அருகருகே தாருங்கள்.