7,20,720-ஐப் பிரித்து மேய்வது எப்படி?

ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, இதற்கு எத்தனை காரணிகள் என்று கேட்டால் பலரும் 1, 2, 3 என்று வரிசையாக வகுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு பாடு தேவையில்லை. கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

படி 1: எண்ணை உற்றுப் பாருங்கள்

720720. 720 அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது, இல்லையா? அதாவது 7,20,000 + 720. அப்படியென்றால் 720 × 1001. இந்த 1001 ரொம்ப உபயோகமான எண்: 7 × 11 × 13. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 2: பகா எண்களாக உடையுங்கள்

மிச்சம் இருப்பது 720. இது 8 × 9 × 10, அதாவது 2⁴ × 3² × 5. எல்லாவற்றையும் சேர்த்தால்:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

படி 3: காரணிகளை எண்ணுங்கள்

இந்த எண்ணின் எந்தக் காரணியும் மேலே உள்ள பகா எண்களால் மட்டுமே ஆனது. 60-ஐப் பாருங்கள்: இரண்டு 2, ஒரு 3, ஒரு 5, மற்றவை கிடையாது. ஆக, ஒவ்வொரு பகா எண்ணிலும் எத்தனையை எடுப்பது என்பதுதான் கேள்வி. 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது நான்கு வரை எடுக்கலாம்; மொத்தம் 5 வழிகள். 3-க்கு 3 வழிகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் 2 வழிகள்.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

புதிதாகச் செய்பவர்கள் 'எடுக்காமல் விடுவது' என்ற வழியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அப்போது 4 × 2 × 1 × 1 × 1 × 1 என்று வெறும் 8 வந்து நிற்கும்.

படி 4: அடுக்குகளைக் கவனியுங்கள்

7,20,720-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-ல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். இவற்றில் அடுக்குகள் 4, 2, 1, 1... என்று இறங்குமே தவிர ஏறாது. ஏன்? 2, 3 இரண்டின் அடுக்குகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 2² × 3⁴ என்றாலும் காரணிகள் அதே 240தான். ஆனால் எண் 16,21,620 ஆக வீங்கிவிடுகிறது.

இன்னொன்று: 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவேதான். 17-ஆல் வகுத்தால் மீதி 5.

நீங்களே செய்து பாருங்கள்

இதே வழியில் 3,60,360-ஐ உடையுங்கள். 192 காரணிகள் வர வேண்டும். ஆனாலும் ராமானுஜன் சொன்ன வகையில் இது சேராது. காரணம் 3,32,640. அதையும் உடைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.