மொத பைக் எடுக்கறீங்களா? சிசி கேக்கறதுக்கு முன்னாடி தள்ளிப் பாருங்க

புதுசா பைக் எடுக்கப் போற யாரைக் கேட்டாலும் எத்தனை சிசி, எவ்ளோ மைலேஜ்னுதான் ஆரம்பிக்கறாங்க. நான் சொல்றது வேறங்க. ஓடறப்ப வண்டி எப்படின்னு அப்பறம் பாக்கலாம், நின்னுட்டு இருக்கறப்ப உங்களால அத சமாளிக்க முடியுதான்னு மொதல்ல பாக்கோணும். புதுசா ஓட்டறவங்க வெசயாப் போயி விழறத விட, பார்க்கிங்ல திருப்பறப்ப, சிக்னல்ல கால் ஊனறப்ப வண்டியச் சாச்சுப் போடறதுதான் எச்சு.

அதுக்கும் முன்னாடி லைசென்ஸ். எல்எல்ஆர் (வண்டி பழகறதுக்குத் தர்ற லைசென்ஸ்) போட்டு 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட்டு, எல்எல்ஆர் 6 மாசம் செல்லும். ஊட்டுல ஸ்கூட்டி சும்மாதான நிக்குதுன்னு அதுலயே எட்டுப் போட்டீங்கன்னா கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் வரும், அத வெச்சுட்டு பைக் ஓட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல கைய விரிச்சுருவாங்க. கியர் வண்டியிலயே எட்டுப் போடுங்க.

இனி ஷோரூம். தெனமும் எந்தச் செருப்பு, ஷூ போட்டு ஓட்டுவீங்களோ அதப் போட்டுட்டுப் போங்க. ஏறி உக்காந்து ரெண்டு காலும் ஒட்டுக்கா தரையில படியுதான்னு பாருங்க, நுனிவிரல் மட்டும் பட்டா அது இப்போதைக்கு உங்க வண்டி இல்ல. உக்காந்த மேனிக்கே காலால உந்திப் பின்னால தள்ளுங்க. அப்பறம் எறங்கி எடது பக்கம் நின்னு ஹேண்டில முழுசா ஒடிச்சு ஒரு வட்டம் தள்ளிப் பாருங்க. சேல்ஸ் தம்பிய அந்தப் பக்கம் புடிக்கச் சொல்லிட்டு, லேசா சாச்சு மறுபடி நிமித்துங்க. ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும், காசு நம்மளுது.

ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் 112 கிலோ, சீட்டு ஒசரம் 785 மில்லிமீட்டர். புல்லட்டு கம்பெனியோட கிளாசிக் 350 வந்து 195 கிலோ, 805 மில்லிமீட்டர். ஒசரத்துல பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா எடையில மூணு சிப்பம் அரிசிக்கு மேல சேத்து ஏத்துன மாதிரி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதம் ஆயிருச்சு, அதனால அந்த வண்டியெல்லாம் இப்ப கைக்கு எட்டற மாதிரித் தெரியும். புல்லட்டு வேண்டாங்கலைங்க, ரெண்டாவது வண்டியா எடுங்க.

அதுக்குன்னு நெம்ப லேசான வண்டியும் நம்ம கொங்குப் பக்கத்துக்கு ஒரு எடஞ்சல்தான், ஆடிக்காத்துனால. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாலையச் சுத்தறதோட நிக்காது, வண்டியவும் ஓரமாத் தள்ளும். லாரி ஒண்ணு பக்கத்துல தாண்டறப்ப காத்து டக்குனு நிக்கும், லாரி போனதும் பளார்னு அறையும், புதுசா ஓட்டறவங்க அங்கதான் தடுமாறறது. தெனமும் அந்தத் தடத்துலதான் போகோணும்னா 125ல இருந்து 160 சிசிக்குள்ள, 150 கிலோவத் தாண்டாத வண்டியா பாருங்க. கோயமுத்தூருக்குள்ளயே, ஈரோட்டுக்குள்ளயே சுத்தறவங்களுக்கு 100, 110 சிசி தாராளம். வால்பாறையில 40 கொண்டை ஊசி, திம்பத்துல 27, அங்க போறதுக்காக இப்பவே பெரிய வண்டி எடுக்கறதுல அர்த்தமே இல்ல.

கியரும் கவனிங்க. ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்னால மிதிக்கறது, பல்சர் மாதிரி வண்டியில ஒண்ணு கீழ, மிச்சமெல்லாம் மேல. மாமா வண்டியில பழகிட்டு வேற மாதிரி எடுத்தா கொஞ்ச நாளைக்கு காலு கொழம்பும், ட்ராஃபிக்ல எறக்காம கிரவுண்டுல ஓட்டிப் பழகிக்கோங்க. பிரேக்குல, 125 சிசிக்கு மேல 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம், டக்குனு பிரேக் புடிக்கறப்ப வீல் சுத்தறது நின்னு வழுக்காமப் பாத்துக்கறதுதான் அது. சிங்கிள் சேனல்னா முன் வீலுக்கு மட்டுந்தான், அதுவே ஆரம்பத்துக்குப் போதும்.

வெல கேக்கறப்ப ஆன்ரோடு, அதாவது டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து எவ்ளோன்னே கேளுங்க. புது வண்டிக்கு 5 வருச தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மொதல்லயே கட்டோணும். ஐஎஸ்ஐ ஹெல்மெட்டுக்குத் தனியா காசு எடுத்து வெச்சுருங்க, மிச்சத்துலதான் வண்டி.

பழசு எடுக்கறது தப்பில்லைங்க, மொத வண்டி எப்படியும் கீறல் படும், அந்தக் கீறல் பழைய வண்டியில பட்டா மனசு கொஞ்சமா வலிக்கும். காலையிலயே போங்க, போனதும் இன்ஜின்ல கைய வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, ஆறட்டும்னு டீ குடிச்சுட்டு வந்து நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, நீலப் பொகை வந்தா ஆயில் எரியுது. முன் ஃபோர்க்குல, அதான் முன் வீலத் தாங்கற ரெண்டு கம்பியில, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சீல் போயிருக்கும், அது சின்னச் செலவுதான், வெலையில கொறைக்கலாம். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 1822ன்னா 2022ல 18வது வாரம் செஞ்சது. ஹேண்டில் கழுத்துல அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போகுதான்னு ஒவ்வொரு எழுத்தாப் பாருங்க. ஆர்சியில ஃபைனான்ஸ் பேரு இருந்துச்சுன்னா அந்தப் பேர நீக்கறதுக்கான படிவம் 35ம், கடன் முடிஞ்ச லெட்டரும் வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேர் மாத்தறதுக்கு படிவம் 29, 30, அதுல ஓனர் கையெழுத்து உங்க முன்னாடியே ஆகட்டும், ஆர்சி உங்க பேருக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் பணத்த நிறுத்தி வெச்சுக்கறேன்னு மொதல்லயே பேசிக்கோங்க.