யூஎஸ்டிஏ வீட்டுக் கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிறிய ஊர்ப்பக்கம் வீடு வாங்குபவர்களுக்கு முன்பணமே இல்லாமல் கிடைப்பது யூஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண்மைத் துறை) உத்தரவாதக் கடன். பணம் தருவது வங்கி. அது திரும்பாவிட்டால் வேளாண்மைத் துறை 90 சதவீதம் வரை பொறுப்பேற்கிறது. 30 ஆண்டு, மாறாத வட்டி. கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தால் போதும் என்று நம்பி வருபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வீடு எங்கே நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் இந்தக் கடனில் துருவிப் பார்ப்பார்கள்.

முதல் சறுக்கல், கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பெயரை வைத்தே முடிவு செய்வது. ஒரே கவுண்டிக்குள் எல்லைக்கோடு ஓடும். சாலையின் இந்தப் பக்கம் தகுதி உண்டு, எதிர்ப்பக்கம் இல்லை. வயல்காடாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, சில நிபந்தனைகளோடு 35,000 பேர் வரை உள்ள ஊர்கூடச் சேரும். வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே கதவு எண்ணோடு முழு முகவரியைத் துறையின் இணைய வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

அதிகம் குழப்புவது வருமானம். இங்கே இரண்டு கணக்குகள் உண்டு. தவணை கட்ட முடியுமா என்று பார்க்கக் கையெழுத்துப் போடுபவரின் வருமானம் மட்டும். தகுதி இருக்கிறதா என்று பார்க்க வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லோருடைய வருமானமும். ஆகவே மனைவியின் சம்பளத்தை மறைக்க அவர் பெயரை விண்ணப்பத்தில் விட்டுவிடுவது பலிக்காது. உச்சவரம்பு பொதுவாக அப்பகுதி நடுத்தர வருமானத்தின் 115 சதவீதம். 1 முதல் 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்று, 5 முதல் 8 பேருக்கு வேறொன்று. சற்றே மீறினால் உடனே கைவிட வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக வருமானக் கணக்கில் கழிவு உண்டு. 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் டேகேர் செலவும் கழியும், ரசீது வேண்டும்.

ஹெச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கு இந்தக் கடன் கிடையாது. பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 2025 மே 25 முதல் எஃப்ஹெச்ஏ (அரசின் இன்னொரு வீட்டுக் கடன் திட்டம்) கடனும் தற்காலிக விசாக்காரர்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

கல்விக் கடன் ஒத்திவைப்பில் இருந்து மாதத் தவணை பூஜ்யம் என்று காட்டினாலும், நிலுவையில் 0.5 சதவீதத்தைத் தவணையாக எடுத்துக்கொள்வார்கள். 40,000 டாலர் பாக்கி என்றால் மாதம் 200. வழக்கமான வரம்பு, வருமானத்தில் வீட்டுச் செலவு 29 சதவீதம், மொத்தக் கடன் தவணைகள் 41 சதவீதம். அந்த 200 டாலரே உங்களை வரம்பைத் தாண்ட வைத்துவிடலாம்.

கட்டணத்தை மறப்பது இன்னொன்று. தொடக்கத்தில் மொத்தக் கடனில் 1 சதவீதம். அதையும் கடனோடு சேர்க்கலாம். 2,00,000 டாலர் வீட்டை முழுக்கக் கடனில் வாங்கினால் கடன் சுமார் 2,02,020 ஆகிறது. அதன் மேல் ஆண்டுக்கு 0.35 சதவீதம், முதல் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 59 டாலர். நிலுவை குறையக் குறைய இது குறையும், ஆனால் கடன் தீரும்வரை நிற்காது.

வீட்டைப் பொறுத்தவரை கிணறும் செப்டிக் தொட்டியும்தான் பெரிய தலைவலி. கிணறு தொட்டியிலிருந்து 50 அடி, கழிவுநீர் ஊறும் வயலிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். தண்ணீர்ப் பரிசோதனை உள்ளூர் சுகாதார விதிப்படி தேற வேண்டும். பக்கத்து வீட்டோடு பகிரும் கிணறு, தனியார் மண்சாலை என்றால் பராமரிப்புக்கும் வழிக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேட்பார்கள். இதை விற்பவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குவது லேசில்லை. வருமானம் தரும் பண்ணைக் கொட்டகையோடு வரும் நிலமும் தகுதி பெறாது. வீட்டுத்தோட்டக் காய்கறிக்குப் பிரச்சினை இல்லை.

வங்கி ஒப்புதல் தந்தபின் கோப்பு வேளாண்மைத் துறையின் அலுவலகத்துக்கும் போகும். அந்த வரிசை நீளமாக இருந்தால் நாட்கள் கூடும். அரசு முடங்கினால் நின்றேபோகும். 30 நாளில் கிரயம் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுத் திணறாமல் 45 முதல் 60 நாள் கேளுங்கள். இடையில் தவணையில் டிரக் எடுக்காதீர்கள், வேலை மாறாதீர்கள். முடிக்கும் முன் வேலையை மறுபடி விசாரிப்பார்கள்.