பென்ஷன் கணக்கைத் துணையோடு கூட்டுக் கணக்காக மாற்றுங்கள்

மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவரா? பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், கணவர் அல்லது மனைவி பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கி விடுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓய்வூதியர் காலமானால், குடும்ப ஓய்வூதியத்தை அதே கணக்கில் வரவு வைக்க வேண்டும், புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வங்கி வற்புறுத்தக் கூடாது என்பது விதி. துணைவர் ஒரு கடிதத்தோடு இறப்புச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், தன் வயதுச் சான்று கொடுத்து, கூடுதலாக வந்த தொகையைத் திருப்பித் தருவதாக உறுதிமொழியும் எழுதித் தந்தால் வேலை நகரும். துக்க வீட்டில் இருப்பவரைப் புதுக் கணக்குக்காக வங்கிக்கு நடக்க வைப்பது ரொம்பக் கொடுமை; அதைத் தவிர்க்கவாவது இதைச் செய்யுங்கள்.

ஆனால் பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியத்துக்குத் துணையின் பெயர் இருந்தால்தான் இது செல்லும். அதையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'கலா', இன்னொன்றில் 'கலாவதி' என்று இருந்தால், நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். மகன், மகளோடு சேர்ந்த கணக்குக்கு இந்த வசதி கிடையாது. மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் கருவூலத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.