நிழலில் மறைந்த முகத்தை மீட்பது எப்படி? போட்டோ எடிட்டிங் முதல் பாடம்

எங்கள் அப்பத்தா மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிப்பார். போன பொங்கலுக்கு, வீட்டுக்குள் நின்றபடி அவரைப் போனில் படம் எடுத்தேன். வெளியே தெரு வெயிலில் பளபளத்தது. அப்பத்தா வெறும் கறுப்பு உருவமாக விழுந்திருந்தார். உங்கள் போனிலும் இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள், எடிட்டிங் பழக அதுவே போதும்.

முதலில், ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்துவிடலாம். கேமரா பெரும்பாலும் காட்சி முழுவதையும் சராசரி பார்த்துத்தான் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. பின்னால் வெயில் அதிகம் என்றால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஜேபெக் (JPEG) என்ற கோப்பு வகையில் சேமித்த படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் 0 முதல் 255 வரையுள்ள எண்களாகப் பதிவாகிறது. 255ஐத் தொட்டு வெள்ளையாக வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் இருக்காது. இருட்டான இடத்தில் ஓரளவு விவரம் ஒளிந்திருக்கும். அதனால்தான் தெருவைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் முகத்தைக் காப்பாற்ற முடிகிறது.

நான் பயன்படுத்துவது ஸ்னாப்சீட். கூகுளின் இலவசச் செயலி, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் கொஞ்சம் மாறலாம், கருவிகள் அதேதான். வேறு செயலி வைத்திருந்தாலும் கவலை வேண்டாம், பெயர் கொஞ்சம் மாறினாலும் இதே போன்ற கருவிகள் பெரும்பாலும் அதிலும் இருக்கும்.

ரொட்டேட்டில் தொடங்குங்கள். படத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நிலைக்கதவின் மரச்சட்டம் கிடைத்தது. அது நேரானதும் படம் முழுவதும் நேராகிவிட்டது. அப்புறம் கிராப். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, வெட்டிவிட்டேன். அப்பத்தா பார்க்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டேன்.

அடுத்து டியூன் இமேஜ். பாதி வேலை இங்கேதான். பிரைட்னஸைத் தொடாதீர்கள், அது ஏற்கெனவே வெளுத்த தெருவையும் சேர்த்து ஏற்றிவிடும். இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் என்பதை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள், படத்தைப் பார்த்துக்கொண்டே. +20 தாண்டியபோது காதில் தண்டட்டி மின்னியது. +35க்குப் பக்கத்தில் கன்னத்துச் சுருக்கங்கள் தெரிந்தன, அப்புறம் உதட்டோரத்து வெற்றிலைச் சிவப்பு. ஆசைப்பட்டு +80 வரை போனேன். சேலை மடிப்பெல்லாம் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகிவிட்டது. +45க்குத் திரும்பி வந்தேன். இந்த எண் என் படத்துக்கானது, உங்கள் படத்துக்கு வேறாக இருக்கும். புள்ளிகள் தெரியத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள்.

வெளிச்சமான பகுதிகளைக் கட்டுப்படுத்தும் ஹைலைட்ஸை -25 அளவுக்கு இறக்கினால் தெருவின் வெளிச்சம் கண்ணைக் குத்தாது. ஷேடோஸ் ஏற்றியதில் படம் கொஞ்சம் சப்பென்று இருக்கும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டும் கான்ட்ராஸ்ட்டை +10 கொடுத்தால் சரியாகிவிடும்.

நிறத்துக்கு ஒயிட் பேலன்ஸ். நிழலில் எடுத்த படத்தில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். சொட்டுக்குழாய் படம் போட்ட பொத்தானை அழுத்தி, நிஜத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும் பொருளின் மேல் வையுங்கள். எனக்கு நிழலில் இருந்த சுண்ணாம்புச் சுவர் உதவியது. முகத்தின் மேல் வைத்தால் நிறம் மொத்தமும் குழம்பிவிடும்.

கடைசியாக, ஒரு இடத்தை மட்டும் மாற்ற உதவும் செலக்டிவ். முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, பிரைட்னஸ் +10 மட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பத்தா நல்ல கறுப்பு. பல வருடம் வயலில் நின்ற தோல் அது. முகத்தைத் தெரிய வைப்பது வேறு, வெளுப்பாக்குவது வேறு. இரண்டுக்கும் ஒரே ஸ்லைடர்தான், அதனால் கை தவறுவது எளிது. கழுத்தையும் கையையும் பாருங்கள். முகம் அவற்றைவிட வெளுத்துத் தெரிந்தால் உடனே குறையுங்கள். தோலை வழவழப்பாக்கும் ஃபில்டர் பக்கமே போகாதீர்கள். அந்தச் சுருக்கங்களை மீட்கத்தானே இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம்.

சேமிக்கும் முன் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் அன்று அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள், மிகையானது எதுவென்று கண்ணுக்கே தெரியும். பிறகு பிரதியாகச் சேமியுங்கள், மூலப்படம் பத்திரமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது.

பிரிண்ட் போடக் கொடுத்தால், "கலர் எதுவும் மாத்த வேண்டாம், அப்படியே போடுங்க" என்று ஸ்டூடியோவில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட முதல் பிரிண்டில் அப்பத்தா சிவப்பாக வந்திருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டார்.