பூவாசத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி

வாசனை எண்ணெயை அறைக்குள் பரப்பும் டிஃப்யூசர் கருவியை நாள் பூரா ஓடவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்து, 'மல்லி' என்று ஒட்டியிருக்கும் எண்ணெய்க் குப்பியை வாங்கி வருகிறவர்கள் நிறைய. அந்தக் காசுக்குச் சத்தியமங்கலத்து மல்லி மொட்டாகவே வாங்கிவிடலாம். அந்தக் குப்பியால் பலன் குறைவதற்குக் காரணம் நம் மூக்குதான். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடத்திலேயே மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பூக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வாசமே தெரியாது.

மூக்கின் மேல்கூரையில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணும் காதும் அனுப்பும் சேதி மூளையின் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் உள்ளே போகும். வாசனைக்கு அந்தச் சுற்று வேண்டாம், உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கமும் குறுக்குவழியில் போய்விடுகிறது. ஜாதிமல்லி வாசம் அடித்ததும், இது என்ன பூ என்று யோசிப்பதற்கு முன்னாலேயே அம்மிச்சி வீட்டு ஆசாரம் (கூடம்) ஞாபகத்துக்கு வருகிறதே, அது இதனால்தான். ஆக, எந்தப் பூ என்பதைவிட, அந்த வாசனையோடு நீங்கள் எதைச் சேர்த்துப் பழக்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

அதனால் ஒரு பூ, ஒரு வேலை. மல்லி தூக்கத்துக்கு என்று வைத்தால் அதைப் பகலில் கணக்குப் பார்க்கும்போதும் மோந்துகொண்டிருக்காதீர்கள்.

இரவுக்குக் குண்டுமல்லிதான் தோது. விடிவதற்குள் மொட்டாகப் பறிப்பதால், கோவை பூ மார்க்கெட்டிலோ தெருமுனையிலோ காலையில் வாங்குவது அன்று சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும், வாசமும் அப்போதுதான் ஏறும். காலையிலேயே விரிந்திருந்தால் அது நேற்றைய பூ, வாங்காதீர்கள். ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றி வையுங்கள், படுக்கப் போகும்போது ஒரு கைப்பிடி மட்டும் கிண்ணத்தில் போட்டு, நாலைந்து தடவை நிதானமாக மூச்சிழுத்து மோந்துவிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். போனையும்தான். மூடின அறைக்குள் ரெண்டு முழம் பூவோடு படுத்தால் சிலருக்குத் தலைவலிதான் மிச்சம். மார்கழியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும், அந்த நாளுக்காக, மகிழம்பூ மரத்தடியில் விழும் காலத்திலேயே பொறுக்கி வைத்துக்கொள்ளலாம், காய்ந்தாலும் வாசம் போகாது.

மல்லியிலும் லாவண்டரிலும் லினலூல் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் அதை எலிகளுக்கு முகரக் கொடுத்தபோது பதற்றம் குறைந்ததாக 2018இல் எழுதினார்கள், மோப்பம் இழந்த எலிகளுக்கு அப்படிக் குறையவில்லை. சரி, அது எலி. அதை வைத்து 'மன அழுத்தம் தீரும்' என்று லேபிள் ஒட்டி விற்பவர்களை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொன்று செய்து பார்க்கலாம். ஜெர்மனியில் தூக்கத்தை ஆராயும் யான் போர்ன் குழுவினர், சீட்டு ஜோடிகள் எங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்யும்போது ரோஜா மணத்தைக் கொடுத்து, ஆழ்ந்து தூங்கும்போது அதே மணத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். மறுநாள் ஞாபகம் கூடியிருந்தது (2007இல் சயன்ஸ் இதழில் வந்தது). ஆழ்ந்த தூக்கம் எப்போது என்று தெரிந்துகொள்ள வீட்டில் மூளை அலையை அளக்க முடியாது, ஆனால் படிக்கும் மேசையில் ஒரு பன்னீர் ரோஜாவையும் தலைமாட்டில் இன்னொன்றையும் வைப்பதில் நஷ்டம் என்ன? படிக்காமல் ரோஜாவை மட்டும் வைத்தால் பலன் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. மார்க்கெட் மல்லிக்கு மொட்டுப்புழுவுக்காக மருந்து அடிப்பார்கள், அதனால் குடிதண்ணீர்ப் பானையில் போடவே வேண்டாம். ஆசைப்பட்டால் பொடக்காலியில் (கொல்லையில்) மருந்தடிக்காமல் வளர்த்த செடியில் பறித்துப் போடுங்கள். வாசனை எண்ணெயை அப்படியே தோலில் தடவுவதும் வாயில் விடுவதும் கூடாது. ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். ஊதுபத்தி வாசம் பூவாசம் அல்ல, புகை புகைதான், கொளுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

திடீரென்று எந்த வாசமுமே தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் சளிக்குப் பின் மோப்பம் போனவர்களுக்கு மருத்துவர்களே சொல்லிக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு, 2009இல் மோப்பத்தை ஆராயும் தாமஸ் ஹம்மல் குழு சோதித்தது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நாலையும் காலையும் மாலையும் தலா பத்து விநாடி கவனமாக மோந்து பார்ப்பது. அவர்கள் பயன்படுத்தியது எண்ணெய்கள். நமக்கு ஊட்டித் தைலம் (யூகலிப்டஸ் எண்ணெய்) ஒரு பாட்டிலும் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் வைத்த கெடு 12 வாரம், ரெண்டே வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.